நிஷி கசாய்: டோக்கியோவில் நம்மவர்கள் ஓரிடத்தில் சேர்ந்தது எப்படி?

சென்னையிலிருந்து டோக்கியோவுக்கு ஆன்சைட் கிளம்புகிறவரிடம், அங்கே இருந்துவிட்டு வந்தவர்கள் சொல்லும் முதல் யோசனை பெரும்பாலும் ஒன்றுதான்: "நிஷி கசாய் பக்கம் வீடு பாருங்க." ஆபீஸ் எந்தப் பக்கம், குடும்பத்தோடு போகிறீர்களா, சாப்பாடு சைவமா என்பதெல்லாம் அதற்கப்புறம்தான். டோக்கியோவின் கிழக்கு ஓரத்தில், எடோகாவா வார்டில் இருக்கிறது இந்தப் பகுதி. ஜப்பானியப் பத்திரிகைகளே இதை 'லிட்டில் இந்தியா' என்று எழுதுகின்றன. ஜப்பானில் வசிக்கும் இந்தியர்கள் இப்போது 50 ஆயிரம் பேருக்கும் மேல். அதில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் இந்த ஒரு வார்டில் இருக்கிறார்கள்.

வெளிநாடு போகிறவர்கள் "நம்மைப் போல் இருப்பவர்கள் எங்கே கிடைப்பார்கள்" என்று தேடுவது இயல்புதான். ஆனால் நிஷி கசாயில் கூடியவர்கள் யாரும் ஒத்த மனசுக்காரர்களைத் தேடி அங்கே போகவில்லை. வீடு கிடைத்தது, ரயில் தோதாக இருந்தது, போனார்கள். மனசு ஒத்ததா இல்லையா என்ற கேள்வி பிறகுதான் வந்தது. இந்த வரிசையைக் கவனிக்காமல் போய் இறங்குகிறவர்கள்தான் "இத்தனை இந்தியர்கள் இருந்தும் பேச ஆளில்லையே" என்று ஆறு மாதத்தில் புலம்புகிறார்கள்.

கோவில் இல்லை, பழைய கடைத்தெரு இல்லை

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலை மாதிரி எதையாவது எதிர்பார்த்து நிஷி கசாய் ஸ்டேஷனில் இறங்கினால் ஏமாற்றம்தான். ஸ்டேஷன் வாசலில் பஸ் நிறுத்தம், சூப்பர் மார்க்கெட், பல் மருத்துவர்களின் போர்டுகள், தூரத்தில் வரிசையாக உயரமான அடுக்குமாடிகள். பூக்கடை, நகைக்கடை, ஒலிபெருக்கிப் பாட்டு ஒன்றும் கிடையாது. மளிகைக் கடையும் சாப்பாட்டுக் கடையும் சாதாரணக் கட்டடங்களுக்குள் ஒளிந்திருக்கும். தெரிந்தவர் கூட்டிப்போனால்தான் கண்ணில் படும்.

காரணம், இந்த ஊருக்கே வயசு கம்மி. கசாய் கடலோரத்தின் பெரும்பகுதி 1970களில் மண் கொட்டி மீட்ட நிலம். நிஷி கசாய் ஸ்டேஷன் திறந்தது 1979-ல். பரம்பரையாக வாழ்ந்த குடும்பங்கள் குறைவு. குடியிருப்பவர்களில் பெரும்பாலோர் எங்கிருந்தோ வந்த ஜப்பானியர்கள்தான். வெளிநாட்டுக்காரன் கால் வைக்க இது ஒரு பெரிய வசதி என்பது என் எண்ணம். எல்லாருமே வந்தேறிகளாக இருக்கிற இடத்தில் இன்னொரு வந்தேறியைப் பார்த்து யாரும் புருவம் தூக்குவதில்லை.

ஜப்பானில் இதைவிடப் பழைய இந்தியச் சமூகம் ஒன்று உண்டு. அது கோபே நகரத்தில். யோகோஹாமாவில் துணி வியாபாரம் செய்துகொண்டிருந்த இந்திய வணிகர்கள் 1923 பெரும் நிலநடுக்கத்துக்குப் பிறகு கோபேவுக்கு நகர்ந்தார்கள். அங்கே சிந்திகளும் குஜராத்திகளும் முத்து வியாபாரம் செய்யும் ஜைனர்களும் தலைமுறைகளாக இருக்கிறார்கள். 1985-ல் ஜைனக் கோவிலே கட்டிவிட்டார்கள். அந்தச் சமூகம் சொந்த வியாபாரத்தில் வேர்விட்டது. தாத்தா கடையைப் பேரன் பார்ப்பான். நிஷி கசாயில் சேர்ந்தவர்களோ சம்பளக்காரர்கள். கம்பெனி போ என்றால் போக வேண்டும், வா என்றால் வர வேண்டும். இந்த ஒரு வித்தியாசம் பின்னால் எல்லாவற்றிலும் தலைகாட்டும்.

ஜாமீன் கேட்காத வீடு

1990களின் கடைசியில், கணினிகள் 2000-ஆம் ஆண்டுக்குள் நுழையும்போது குளறுபடி வரும் என்று உலகமே பயந்த சமயம். ஜப்பானிய வங்கிகளும் பங்குத் தரகு நிறுவனங்களும் இந்தியாவிலிருந்து மென்பொருள் ஆட்களை வரவழைத்தன. அந்த அலை ஓய்வதற்குள், 2000 ஆகஸ்டில் ஜப்பான் பிரதமர் யோஷிரோ மோரி இந்தியா வந்தார். டெல்லிக்கு முன்னால் பெங்களூருக்குத்தான் போனார். மென்பொருள் பொறியாளர்களுக்கு விசா விதிகள் தளர்ந்தன. இவர்களுக்கு வேலை இருந்த இடங்கள் ஒத்தெமாச்சி, நிஹொன்பாஷி, கயாபாச்சோ, அதாவது டோக்கியோவின் பணப்புழக்கப் பகுதி. மூன்றுமே தோசாய் ரயில் பாதையில் அடுத்தடுத்த ஸ்டேஷன்கள். நிஷி கசாயில் ஏறினால் 20 நிமிடத்துக்குள் இறங்கிவிடலாம், மாறி ஏற வேண்டாம். நெரிசல் மட்டும் பயங்கரம். கொரோனாவுக்கு முன் அரசுக் கணக்குப்படி காலை நேரத்தில் இந்தப் பாதையில் கொள்ளளவைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு கூட்டம். மாம்பலம் ரயிலில் தொங்கிப் பழகியவர்களுக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை.

ரயில் இருந்தால் போதாது, வீடு வேண்டுமே. ஜப்பானில் தனியார் வீடு எடுப்பது வெளிநாட்டவருக்குச் சாமானியமான காரியமில்லை. வீட்டுக்காரருக்குத் திரும்ப வராத அன்பளிப்பாக ஒரு மாத வாடகையோ இரண்டு மாத வாடகையோ. அது தவிர அட்வான்ஸ். புரோக்கர் கமிஷன் ஒரு மாதம். ஜாமீன் நிற்கும் கம்பெனிக்குத் தனிக் கட்டணம். எல்லாம் கூட்டினால் சாவி கைக்கு வருவதற்குள் நாலைந்து மாத வாடகை போய்விடும். அந்தக் காலத்தில் ஜாமீன் என்றால் கம்பெனிகூட இல்லை. சொந்தக்காரரோ மேலதிகாரியோ, ஒரு ஜப்பானியர் கையெழுத்துப் போட வேண்டும். விமானத்திலிருந்து இறங்கிய மூன்றாம் நாள் அப்படி ஒருவரை எங்கே போய்த் தேடுவது? பணம் இருந்தும் "வெளிநாட்டவருக்குத் தருவதில்லை" என்று முகத்துக்கு நேரே சொல்கிறவர்களும் உண்டு. ஜப்பான் நீதி அமைச்சகம் 2017-ல் வெளியிட்ட கணக்கெடுப்பில், வீடு தேடிய வெளிநாட்டவரில் சுமார் 40 சதவீதம் பேர் அந்த ஒரே காரணத்தால் மறுக்கப்பட்டதாகச் சொன்னார்கள்.

இந்தச் சுவரில் இருந்த கதவுதான் யூ.ஆர். வீடுகள். 1955-ல் தொடங்கிய அரசு வீட்டு வசதிக் கழகம் பெயர் மாறி மாறி, 2004 முதல் நகர்ப்புறப் புத்தாக்க முகமை என்ற பெயரில் நடக்கிறது. எல்லாரும் சொல்வது யூ.ஆர். என்றுதான். அங்கே அன்பளிப்பு கிடையாது, புரோக்கர் கிடையாது, ஜாமீன் கிடையாது, ஒப்பந்தம் புதுப்பிக்கக் கட்டணமும் கிடையாது. இரண்டு மாத அட்வான்ஸ், அப்புறம் வருமானச் சான்று. வருமானம் பற்றாதவர் வாடகையைப் போல் 100 மடங்கு சேமிப்பு காட்டினாலும் போதும். எந்த நாட்டுக்காரர் என்று பார்த்துத் தடுக்கிற வழக்கமும் இல்லை. நிஷி கசாய் ஸ்டேஷனைச் சுற்றி இப்படிப்பட்ட வளாகங்கள் நிறைய. கொஜிமாச்சோ 2-சோமே குடியிருப்பின் பெயர் இந்தியர்கள் மத்தியில் அடிக்கடி அடிபடும்.

இதில் ஒரு மனிதரின் பங்கையும் சொல்ல வேண்டும். கொல்கத்தாவைச் சேர்ந்த ஜக்மோகன் சந்திராணி 1970களின் இறுதியிலேயே ஜப்பான் வந்தவர், தேயிலை இறக்குமதியாளர். அவர் நிஷி கசாயில் குடியேறியபோது சுற்றுவட்டாரத்தில் வேறு இந்தியர்களே இல்லை. இருபது வருஷம் கழித்துத் தெருவில் இந்திய இளைஞர்களைப் பார்த்தார், பேச்சுக் கொடுத்தார். அவர்களுக்கு இருந்த கஷ்டம் இரண்டு: வீடு, சைவச் சாப்பாடு. வீட்டு விஷயமாக அலைந்து பேசினார், அவர்கள் சாப்பிட ஒரு இடமும் நடத்தினார். எடோகாவா இந்தியர் சங்கத்தின் தலைவராகவும் ஆனார். கவனிக்க: முதல் கூட்டாளிகளை ஒன்றாக்கியது கலாச்சார விழா இல்லை, வாடகை ஒப்பந்தமும் பருப்பும் சாதமும்தான். விழாவெல்லாம் பின்னால் வந்தது.

உள்ளே போனால் எத்தனை வட்டம்

ஆட்கள் சேர்ந்ததும் கடை வந்தது. கடை வந்ததும் இன்னும் ஆட்கள் வந்தார்கள். வெளிநாட்டு அரிசிக்கு ஜப்பான் கிலோவுக்கு 341 யென் வரி போடுகிறது. ஆகவே சோனா மசூரி மூட்டையைத் தூக்கும்போதே பர்ஸ் கனம் குறையும். இருந்தாலும் உளுத்தம் பருப்பும் இட்லி அரிசியும் நடந்து போகிற தூரத்தில் கிடைப்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்று, அது கிடைக்காத ஊரில் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். 2004-ல் பக்கத்து கோட்டோ வார்டில் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்தோடு இந்தியப் பள்ளி தொடங்கியது. 2006-ல் சிங்கப்பூரைச் சேர்ந்த பள்ளிக் குழுமம் ஒன்றும் டோக்கியோவில் இறங்கியது. "இந்தியர்களுக்குக் கணக்கு நன்றாக வரும்" என்ற மோகம் ஜப்பானில் கொடிகட்டிப் பறந்த காலம் அது. ஜப்பானியப் பெற்றோர்களே அந்தப் பள்ளிகளில் இடம் கேட்டு வந்தார்கள்.

வெளியிலிருந்து பார்த்தால் இது ஒரே சமூகம். உள்ளே போனால் வட்டத்துக்குள் வட்டம். தீபாவளி விழா என்றால் எல்லாரும் வருவார்கள். மேடையில் பெரும்பாலும் இந்திப் பாட்டு. பொங்கலுக்குத் தமிழ்ச் சங்கம் தனியாகக் கூடும். தெலுங்குக்காரர்களுக்கு உகாதி, வங்காளிகளுக்குத் துர்கா பூஜை. ஃபுனபோரியில் உள்ள இஸ்கான் கோவிலுக்குப் போகிறவர்கள் ஒரு வட்டம். ஒரே கம்பெனி ஆட்கள் இன்னொரு வட்டம், சில சமயம் எல்லாவற்றையும் விட இறுக்கமான வட்டம். ஆபீசில் பார்த்த முகத்தையே லிஃப்ட்டிலும் பார்க்க வேண்டியிருக்கும். அப்ரைசல் சரியாக வராத வருஷத்தில் அது சுகமான அனுபவம் இல்லை. டோக்கியோவின் 'இந்திய' ஹோட்டல்களில் பலவற்றை நடத்துவது நேபாளிகள் என்பதையும் போன பிறகுதான் பலர் தெரிந்துகொள்கிறார்கள். தோசை தேடிப் போய் 'நான்' ரொட்டியோடு திரும்பாத தமிழர் அங்கே குறைவு.

இதைவிடப் பெரிய சிக்கல், ஆட்கள் தங்காதது. இரண்டு மூன்று வருஷத்தில் பிராஜெக்ட் முடியும், இல்லையென்றால் அமெரிக்கா கிடைக்கும், இல்லையென்றால் பிள்ளை எட்டாவது ஒன்பதாவது வந்ததும் "ஊர்ல படிக்கட்டும்" என்று கிளம்பிவிடுவார்கள். மைக்ரோவேவ், சைக்கிள், குழந்தை நாற்காலி எல்லாம் கை மாறும். சயோனாரா சேல் என்று அதற்குப் பெயரே இருக்கிறது. புதிதாக வந்தவருக்கு லாபம். ஐந்தாறு வருஷம் தங்கிவிட்டவருக்கோ, வழியனுப்பி வைப்பதே வேலை. அவர்கள் ஒரு கட்டத்தில் புதுமுகங்களோடு நெருங்கிப் பழகுவதை நிறுத்திக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். திமிர் என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். அலுப்புதான் அது.

கூட வந்தவரின் நாள்

ஆன்சைட் வருகிறவருக்கு ஆபீஸ் இருக்கிறது. கூட வருகிறவருக்கு? டிபென்டன்ட் விசாவில் இருப்பவர் தனி அனுமதி வாங்கினால் வாரத்துக்கு 28 மணி நேரம்வரை வேலை செய்யலாம். ஆனால் ஜப்பானிய மொழி தெரியாமல் கிடைக்கிற வேலை சொற்பம். சென்னையில் பேங்கிலோ காலேஜிலோ வேலை பார்த்தவர் இங்கே வந்து குக்கர் விசில் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பது சாதாரணக் காட்சி. சமூகம் உண்மையில் தேவைப்படுவது இவருக்குத்தான். அதைக் கட்டுவதும் பெரும்பாலும் இவர்தான்.

அது நடக்கிற இடம் சங்கக் கூட்டம் அல்ல, வளாகத்துப் பூங்கா. சாயங்காலம் பள்ளிப் பிள்ளைகளோடு அம்மாக்கள் கீழே இறங்குவார்கள். ஊஞ்சல் பக்கத்து பெஞ்சில் ஒரு பேச்சு தொடங்கும். "அக்கா, புதுசா வந்திருக்கோம். குப்பை எந்த நாள்ல எது போடணும்னே புரியல." "முதல்ல அதைக் கத்துக்கோம்மா. எரியற குப்பை வேற, பிளாஸ்டிக் வேற. மாத்திப் போட்டா ஸ்டிக்கர் ஒட்டி அப்படியே வச்சிட்டுப் போயிடுவாங்க, எல்லாரும் பாப்பாங்க." அப்புறம் பேச்சு மாவுக்குப் போகும். குளிர்காலத்தில் இட்லி மாவு பொங்கவே பொங்காது. ஓவனுக்குள் விளக்கைப் போட்டு வைப்பதா, கம்பளியில் சுற்றுவதா என்று ஆளுக்கு ஒரு வைத்தியம். அதிலிருந்து குழந்தை மருத்துவர், இங்கிலீஷ் பேசுகிற பெண் மருத்துவர், வார்டு ஆபீசில் எந்த கவுண்டர் என்று போகும். ஒரு மணி நேரத்தில் கிடைக்கிற இந்தத் தகவலைத் தனியாகத் தேடினால் ஒரு மாதம் ஆகும்.

அதே பூங்காவில்தான் உரசலும். மாலை வார்டு ஒலிபெருக்கியில் ஒரு மெட்டு ஒலிக்கும். ஜப்பானியப் பிள்ளைகள் பந்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிடும். நம் பிள்ளைகள் அப்போதுதான் பால் குடித்துவிட்டு இறங்கும். இருட்டிய பிறகும் கூச்சல், பெரியவர்களின் கும்பல் பேச்சு. மாடியிலிருந்து பார்க்கிற முதியவர் நேரில் வந்து சண்டை போட மாட்டார். சில நாள் கழித்து, இரவில் அமைதி காக்கவும் என்று லிஃப்ட் பக்கத்தில் நோட்டீஸ் ஒட்டியிருக்கும். நமக்குள் ஆட்கள் அதிகமாக அதிகமாக அந்த நோட்டீசைப் படிக்கக் கற்றுக்கொள்வது தள்ளிப்போகிறது. நம்மவர் கூட்டத்துக்குள் இருப்பதன் விலை இது. பத்து வருஷம் இருந்தும் மளிகைக் கடை ஜப்பானியத்தைத் தாண்டாதவர்கள் அங்கே உண்டு. தனியாகச் சின்ன ஊரில் மாட்டிக்கொண்டவர் இரண்டே வருஷத்தில் வீட்டுக்காரம்மாவோடு அரட்டை அடிப்பார்.

2011 மார்ச்

நிலநடுக்கத்துக்குப் பின் வந்த நாட்கள் இந்தச் சமூகத்தின் பிடிமானம் எவ்வளவு என்று காட்டின. மார்ச் 11 அன்று கட்டடங்கள் ஆடினாலும் நிஷி கசாயின் அடுக்குமாடிகள் நின்றன. கதிகலங்க வைத்தது ஃபுகுஷிமா அணுமின் நிலைய விபத்து. மார்ச் 23-ல் டோக்கியோவின் கனமாச்சி நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் லிட்டருக்கு 210 பெக்கரல் கதிரியக்க அயோடின் இருந்ததாக அறிவித்தார்கள். கைக்குழந்தைகளுக்கான வரம்பு 100. கனமாச்சி தண்ணீர் எடுப்பது எடோகாவா ஆற்றிலிருந்து. ஊரிலிருந்து அம்மா அப்பா அழுதுகொண்டே போன் செய்ய, கைக்குழந்தை வைத்திருந்தவர்கள் கிடைத்த விமானத்தில் ஏறினார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் ஆபீசிலும் குடியிருப்பிலும் "கஷ்டம் வந்தால் போய்விடுகிறவர்கள்" என்ற பெயர் வெளிநாட்டவர் எல்லாருக்கும் சேர்ந்தே வந்தது. பிறகு எண்ணிக்கை ஏறியது, முன்பைவிட அதிகமாகவே.

வீடு பார்க்கிறவர்கள் கேட்க மறக்கிற இன்னொரு விஷயம் வெள்ளம். எடோகாவா வார்டின் சுமார் 70 சதவீத நிலம் கடல் ஏற்றத்தின்போது நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும். 2019-ல் வார்டு நிர்வாகம் வீடுவீடாகக் கொடுத்த வெள்ள அபாய வரைபடத்தின் அட்டையிலேயே "இங்கே இருக்கக்கூடாது" என்று அச்சிட்டிருந்தார்கள். பெரும் புயல் வந்தால் வார்டை விட்டே வெளியேற வேண்டும் என்று அர்த்தம். அதே அக்டோபரில் பெரும்புயல் வரவும் செய்தது. கறிவேப்பிலை எந்தக் கடையில் கிடைக்கும் என்று சொல்லத் தெரிந்த பலருக்கு, வெளியேறினால் எங்கே போவது என்று சொல்லத் தெரியாது.

ஓட்டுப் போட்டது யார்

2019 ஏப்ரலில் எடோகாவா வார்டு கவுன்சில் தேர்தலில் யோகேந்திர புராணிக் ஜெயித்தார். ஜப்பானில் தேர்தலில் வென்ற முதல் இந்திய வம்சாவளியினர் என்று உலகச் செய்தியானது. 6,477 ஓட்டு, ஐந்தாவது இடம். "நிஷி கசாய் இந்தியர்கள் தங்கள் ஆளை அனுப்பிவிட்டார்கள்" என்று நம் ஊரில் பெருமை பேசினார்கள். கணக்கு அப்படியில்லை. ஜப்பானில் வெளிநாட்டவருக்கு ஓட்டு கிடையாது. புராணிக் 2012-ல் ஜப்பானியக் குடியுரிமை பெற்றவர். பூங்காவில் கூடுகிற நம்மவர்களில் அநேகமாக யாராலும் அவருக்கு ஓட்டுப் போட்டிருக்க முடியாது. ஜெயிக்க வைத்தவர்கள் பெரும்பாலும் ஜப்பானிய அக்கம்பக்கத்தார்தான். இந்த முழுக் கதையிலும் எனக்கு முக்கியமாகப் படுகிற தகவல் இதுதான்.

ஒத்த மனசு என்பதும் இப்படித்தான் எதிர்பாராத திசையில் கிடைக்கிறது. கிரிக்கெட் பைத்தியங்கள் வார இறுதியில் டோச்சிகி மாகாணத்தின் சானோ வரை போகிறார்கள். மூடிய பள்ளி ஒன்றின் மைதானத்தில் 2018-ல் சர்வதேசத் தரத்தில் ஆடுகளம் அமைத்த ஊர் அது. அங்கே உங்கள் டீமில் பாகிஸ்தானியும் இலங்கைக்காரரும் ஆஸ்திரேலியரும் ஜப்பானியப் பையனும் இருப்பார்கள். தென்னிந்தியச் சாப்பாட்டுக்கு டோக்கியோவில் தனி ரசிகர் கூட்டமே உண்டு. வாழையிலையில் சாம்பாரையும் ரசத்தையும் வரிசை தப்பாமல் கலந்து, அப்பளத்தை நொறுக்கிப் போட்டுச் சாப்பிடுகிற ஜப்பானியர்களைப் பார்க்கலாம். பரதம் கற்றுக்கொண்டு அரங்கேற்றம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டுத் தமிழரோடு இரண்டு வருஷத்தில் வராத நெருக்கம் இவர்களோடு இரண்டு மாதத்தில் வந்துவிடுவதுண்டு.

யோகோஹாமாவில் ஒரு ஒப்பீடு

நிஷி கசாய் தற்செயலாகக் கூடியது என்றால், திட்டமிட்டுக் கூட்ட முடியுமா? யோகோஹாமாவின் மிதொரி வார்டில், கிரிகாஓக்கா என்ற குடியிருப்புப் பகுதியில் அது ஓரளவு நடந்தது. பிள்ளைகள் குறைந்து மூடிய தொடக்கப் பள்ளிக் கட்டடத்தில் 2009-ல் இந்தியப் பள்ளியின் கிளை திறந்தது. நகராட்சியே ஆர்வமாக வரவேற்றது. மும்பையும் யோகோஹாமாவும் 1965 முதல் சகோதர நகரங்கள். பக்கத்திலேயே யூ.ஆர். வளாகமும் இருந்தது. இந்தியக் குடும்பங்கள் வந்தன.

அங்கே போனவர்கள் வேறு மாதிரி ஆட்கள். மத்திய டோக்கியோ ஆபீசுக்குப் போக அப்பாவுக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகும், மாறி மாறி ஏற வேண்டும். ஆனால் பிள்ளை நடந்தே பள்ளிக்குப் போய்விடும். ஆகவே பள்ளி வயதுப் பிள்ளை உள்ள குடும்பம்தான் அங்கே போகிறது. தனி ஆளுக்கு அங்கே ஒன்றும் இல்லை. நிஷி கசாயில் எல்லா வகையும் கலந்து கிடப்பதால் பேச ஆள் தேடித் தேடிப் பொறுக்க வேண்டும். கிரிகாஓக்காவில் வாசலிலேயே ஒரே வயதுப் பிள்ளைகளின் அம்மாக்கள் நிற்பார்கள். அந்தப் பேச்சில் விருப்பமில்லாதவர் ஒதுங்க இடமும் இருக்காது.

இப்போது கிளம்புகிற குடும்பம் வரைபடத்தைத் திறந்ததும் ஆபீஸையும் பள்ளியையும் குறித்துக்கொண்டு, இரண்டுக்கும் நடுவே யூ.ஆர். வளாகம் எங்கே என்று பார்ப்பதுதான் முறை. பலர் இப்போது நிஷி கசாய்க்கு ஒரு ஆறு தள்ளி, கோட்டோ வார்டின் ஓஜிமா பக்கம் இறங்குகிறார்கள். மளிகைக்கு சைக்கிளில் வந்து போகலாம், லிஃப்ட்டில் மேனேஜரைப் பார்க்க வேண்டாம். கூட வருகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுவது நல்லது. பகல் முழுக்க அந்த வீட்டில் இருக்கப்போகிறவர் அவர்தான்.